இளம் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் தம் தொழிலில் தேர்ச்சி பெறுவது எப்படி?

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ பள்ளி, கல்லூரி அணிகளுக்குச் சில ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, உரிமத் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்து, முப்பது வயதையொட்டி ஒரு தொழில்முறை அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்பவர், வேலையின் தன்மையே மாறிவிட்டதை முதல் மாதத்திலேயே உணர்ந்துவிடுவார். அதுவரை அவர் கற்றுக்கொடுத்தார். இனி அவர் தீர்மானிக்க வேண்டும். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, தொடையில் இழுப்பு இருக்கிறது என்று சொல்லும் வீரரை இறக்குவதா விடுவதா, 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது இன்னொரு கோலுக்குப் போவதா காப்பதா என்று நாள் முழுதும் முடிவுகள் வந்துகொண்டே இருக்கும். நாட்டின் முதல் இரண்டு நிலை லீக்குகளில் ஆடும் அணி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இல்லை என்பதால், அந்த முதல் வேலை பெங்களூரிலோ சென்னையிலோ அதற்கும் அப்பாலோதான் கிடைக்கும். ஊரும் புதிது, வேலையும் புதிது.

இக்கட்டுரை 4-3-3 சிறந்ததா 3-5-2 சிறந்ததா என்பதைப் பற்றிப் பேசாது. ஆட்ட அமைப்புகளை யூடியூப் பார்த்தே ஓரளவு கற்றுக்கொள்ளலாம். எடுத்த முடிவு சரியா என்று நேர்மையாகச் சோதித்து, அடுத்த முடிவை மேம்படுத்திக்கொள்ளும் பழக்கத்தைத்தான் எவரும் சொல்லித் தருவதில்லை; இளம் பயிற்சியாளர்களில் முன்னேறுபவர்களையும் தேங்குபவர்களையும் பிரிப்பது அந்தப் பழக்கமே என்பது என் கருத்து.

வயதைப் பற்றிய கவலை

முதலில் இந்தக் கவலையை ஓரமாக வைத்துவிடலாம். ஜூலியன் நாகெல்ஸ்மன் முழங்கால் காயத்தால் 20 வயதில் ஆடுவதை நிறுத்தியவர். 28 வயதில், 2016 பிப்ரவரியில், ஜெர்மனியின் முதல்நிலை லீக்கிலிருந்து கீழிறங்கும் அபாயத்தில் இருந்த ஹோஃபன்ஹைம் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அணி தப்பித்தது மட்டுமன்றி அடுத்த பருவத்தில் நான்காம் இடத்துக்கு வந்தது. ஆனால் அவர் வெறுங்கையோடு வந்தவர் அல்லர். 2014-இல் அதே அணியின் 19 வயதுக்குட்பட்டோர் பிரிவைத் தேசியச் சாம்பியனாக்கிவிட்டு வந்தவர். இத்தாலியின் ஏ.சி. மிலான் அணிக்கு 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்த அரிகோ சாக்கி தொழில்முறை வீரராக ஆடியதே இல்லை. நம் நாட்டிலேயே, 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை அழைத்துச் சென்ற சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

வீரர்கள் பயிற்சியாளரின் வயதை முதல் வாரம் கவனிப்பார்கள். அதன்பின், அவர் செவ்வாய்க்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பலித்ததா என்பதை மட்டுமே கவனிப்பார்கள். ஆகவே வயதை மறைக்கக் குரலை உயர்த்துவதும், எப்போதும் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பதும் வீண் வேலை.

ஆட்டத்துக்கு முன் எழுதுங்கள், முடிந்தபின் ஒப்பிடுங்கள்

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும். எதிரணி என்ன செய்யும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அதற்கு உங்கள் அணி என்ன செய்யப்போகிறது, எது நடந்தால் அல்லது நடக்காவிட்டால் திட்டத்தை மாற்றுவீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'நன்றாகத் தாக்குவோம்' என்பது போன்ற வாக்கியங்களுக்கு அங்கே இடமில்லை. பிறகு சரிபார்க்கக் கூடிய விதத்தில் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்: 'எதிரணியின் வலப்புறப் பின்கள வீரர் அடிக்கடி மேலே ஏறுவார். அவர் விட்டுச்செல்லும் இடத்தில் நம் இடப்புற விங்கர் (ஓரமாக ஆடும் முன்கள வீரர்) முதல் 20 நிமிடங்களில் மூன்று முறையாவது பந்தைப் பெற வேண்டும். பெறாவிட்டால் நடுக்கள வீரர் ஒருவரை அந்தப் பக்கம் நகர்த்துவேன்.' ஆட்டம் 2-0 என்று வெற்றியில் முடிகிறது. பேருந்தில் எல்லாரும் பாட்டுப் பாடுகிறார்கள். உங்களுக்கும் திட்டம் பலித்துவிட்டது என்றே தோன்றுகிறது. மறுநாள் காணொளியைப் பார்க்கும்போதோ, அந்த விங்கர் அந்த இடத்தில் பந்தைப் பெற்றது ஒரே ஒரு முறை என்றும், இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து வந்தவை என்றும் தெரிகிறது. எழுதி வைத்த பக்கம் இல்லையென்றால், தோற்றுப்போன திட்டத்தை வெற்றித் திட்டம் என்று நம்பி அடுத்த வாரமும் அதையே செய்வீர்கள். கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. ஒரு பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போவதும் வெளியே போவதும் முடிவையே புரட்டிவிடும் ஆட்டத்தில், மதிப்பெண் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு தம் வேலையை மதிப்பிடுகிறவர் பாதி நேரம் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

ஒப்பிடும் வரிசையும் முக்கியம். ஆட்டம் முடிந்த இரவே, காணொளியைப் பார்ப்பதற்கு முன்பே, நடந்ததாக நீங்கள் நினைப்பதைப் பத்து வரிகளில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகே காணொளி. கோட்டோரம் நின்றபடி நீங்கள் எதைத் தவறவிடுகிறீர்கள் என்பது இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் தெரியும். பெரும்பாலோர் பந்தின் பின்னாலேயே போகிறார்கள். பந்து இல்லாத பக்கத்தில் தம் பின்கள வீரர்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இந்தக் குறை ஒருவருக்கு இருப்பது மூன்று நான்கு ஆட்டங்களில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், உதவிப் பயிற்சியாளரை மேல்வரிசையில் உட்காரவைத்து, அந்த ஒன்றை மட்டும் பார்த்து இடைவேளையில் சொல்லும்படி கேட்கலாம். காணொளி எடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கேலரியின் உச்சியில் முக்காலியில் பொருத்திய ஒரு செல்போன், ஆடுகளம் முழுவதும் தெரியும்படி இருந்தால் போதும்.

பயிற்சி நேரம்

ஞாயிற்றுக்கிழமை கண்ட குறையைச் செவ்வாய்க்கிழமை திருத்தப் புறப்படும் இளம் பயிற்சியாளர் வழக்கமாகச் செய்வது, கோன்களை வரிசையாக வைத்து, வீரர்களை அவற்றுக்குப் பின்னே நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகப் பந்தைக் கடத்தச் சொல்வது. பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். நிர்வாகிகள் வந்தால் படம்கூட எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் எதிராளி இல்லாத பயிற்சியில் வீரர் எந்த முடிவும் எடுப்பதில்லை என்பதால், அவர் திருந்துவதும் இல்லை.

ஒரு குறையை எடுத்துக்கொள்வோம். நடுக்கள வீரர் ஒருவர், தம் பின்கள வீரரிடமிருந்து வரும் பந்தை எதிர்க் கோலுக்கு முதுகைக் காட்டியபடி வாங்குகிறார். பின்னால் யார் வருகிறார் என்று பார்க்காமலே வாங்குவதால் பந்தை இழக்கிறார். இதற்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட கட்டம் அமைத்து, ஐவருக்கு ஐவர் ஆடவிட்டு, இரு முனைகளிலும் எந்த அணிக்கும் பந்து தரக்கூடிய பொது வீரர் ஒருவரை நிறுத்தலாம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பந்தைக் கொண்டுபோனால் 1 புள்ளி. இடையில் ஒரு வீரர் பந்தை வாங்கித் தாமே திரும்பி முன்னோக்கிக் கொடுத்து அது நடந்தால் 2 புள்ளி. இனி 'திரும்பிப் பார்' என்று கத்த வேண்டிய தேவையே இல்லை, விதியே அவரைப் பார்க்க வைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது அவருடைய காலை விட்டுவிட்டுக் கழுத்தைக் கவனிப்பது. பந்து அவரிடம் வந்து சேர்வதற்கு முன் கழுத்து எத்தனை முறை திரும்பியது என்று ஐந்து நிமிடம் எண்ணுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்கும் கடைசி ஐந்து நிமிடத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் அந்தப் பயிற்சி வேலை செய்கிறது, தெரியாவிட்டால் கட்டத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிப் பார்க்க வேண்டும்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. இங்குள்ள பல பள்ளி மைதானங்கள் புல் இல்லாத இறுகிய செம்மண் தரை. பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. அத்தகைய தரையில் வீரர் பந்திலிருந்து கண்ணை எடுக்கவே பயப்படுவார். பயந்தால் கழுத்தும் திரும்பாது. ஆகவே இப்பயிற்சியை மைதானத்தின் சமமான மூலையைத் தேடிப் பிடித்து நடத்த வேண்டும். மேடு பள்ளமான பகுதியை உயரப் பந்துக்கும், அது மோதிச் சிதறியபின் கைப்பற்ற வேண்டிய இரண்டாம் பந்துக்குமான பயிற்சிக்கு ஒதுக்கலாம். காலையில் நடைப்பயிற்சிக்காரர்களுக்கும் மாலையில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கும் போக மிஞ்சிய அரை மைதானத்தில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆட்டத்தைத் திட்டமிட்டுப் பழகியவருக்கு, பிற்காலத்தில் முழு அளவான 105 மீட்டருக்கு 68 மீட்டர் புல்தரை கிடைக்கும்போது, இடத்தின் அளவை மாற்றினால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்பது பிறரைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆட்டத்தை இடையில் நிறுத்தி விளக்குவதை ஒரு பயிற்சிக்கு இரண்டு மூன்று முறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் அன்றாடப் பயிற்சியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு, தாம் விலகி நின்று வீரர்களைக் கவனிப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். விசில் கையில் இருக்கும்வரை மனம் அடுத்த பயிற்சியைப் பற்றியே யோசிக்கும் என்பதால், வாரத்தில் ஒரு நாளாவது அதை உதவிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பவருக்கு, யார் சோர்ந்திருக்கிறார், யார் யாரோடு பேசுவதில்லை, எவர் காலை நொண்டுவதை மறைக்கிறார் என்பவையெல்லாம் கண்ணில் படும். முதல் வேலையில் இருப்பவர்கள் இதைச் செய்யத் தயங்குவார்கள். சும்மா நிற்கிறார் என்று நிர்வாகம் நினைக்கும் என்ற அச்சம். நினைத்தால் நினைக்கட்டும்.

பயிற்சியால் வீரர் உடலுக்கு ஏற்படும் சுமையை அளக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொரு வீரரிடமும் தனித்தனியாக, இன்றைய பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஓர் எண் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடப் பயிற்சிக்கு ஒருவர் 7 என்றால் 420. வாரக் கூட்டல் ஒருவருக்கு மட்டும் திடீரென்று ஏறினால் விசாரிக்க வேண்டும். இரவுப் பணிக்குப் போய்விட்டு வருகிறாரா, தூங்கவில்லையா, வீட்டில் ஏதேனுமா என்று. ஓசூர்த் தொழிற்சாலைகளில் மூன்று ஷிஃப்டில் வேலை செய்துகொண்டே ஆடும் வீரர்களோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. காயத்தைக் குறைக்க ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற 20 நிமிட உடல் தயாரிப்புப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. அதை முறையாகச் செய்ய வைத்தாலே பலன் உண்டு.

ஆட்ட நாள்

இடைவேளை 15 நிமிடம் என்றாலும், வீரர்கள் உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, கட்டு மாற்றி, மூச்சு வாங்கி முடிக்கும்போது பேசுவதற்கு ஆறேழு நிமிடம்தான் மிஞ்சும். முதல் மூன்று நிமிடம் வெளியே நின்று உதவியாளர்களோடு பேசி, இரண்டே இரண்டு செய்திகளைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். மூன்றாவதைச் சொன்னால் முதலாவது மறந்துவிடும்.

மாற்று வீரர்களைப் பொறுத்தவரை, இப்போது 5 பேரை மாற்றலாம் என்றாலும், ஆட்டத்துக்கிடையில் அதற்குக் கிடைப்பவை 3 வாய்ப்புகளே. இடைவேளையில் செய்யும் மாற்றம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே இடைவேளை மாற்றம் இளம் பயிற்சியாளர் பயன்படுத்தத் தயங்கும் பெரிய கருவி. 45 நிமிடத்தில் ஒருவரை எடுத்தால் அவர் மனம் நோகும் என்று 60 வரை காத்திருப்பதும், அதற்குள் கோல் விழுவதும் எல்லா மட்டத்திலும் நடக்கிறது. கடும் வெயிலில் நீர் அருந்தும் இடைவேளை கொடுக்கப்பட்டால் அதுவும் உங்களுக்குக் கிடைத்த ஒரு நிமிடம்தான். என்ன சொல்வது என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

துணிச்சலான மாற்றம் என்றால் ரஹீம் செய்ததைச் சொல்ல வேண்டும். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பின்களத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை வெளியே உட்கார வைக்காமல் முன்களத்தில் இறக்கினார் ரஹீம். தென்கொரியாவுடனான இறுதி ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று வென்றபோது அந்த இரண்டு கோல்களில் ஒன்று ஜர்னைலுடையது. தலைக் காயத்தோடு வீரரை இறக்குவது இன்று எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ளாத செயல், அதைப் பின்பற்றக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தம் வீரர்களை இடத்தின் பெயரால் அறியாமல் ஆளாக அறிந்திருந்த ஒரு பயிற்சியாளரால் மட்டுமே அப்படி யோசிக்க முடிந்தது என்பதை.

வீரர்களோடு பேசுவது

ஓசூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தபடியே இருக்கும். கிருஷ்ணகிரியில் உருதுவும் சேரும். அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தொழில்முறை அணியில் மலையாளம், வங்காளம், மணிப்புரி, மிசோ பேசும் வீரர்களும் வெளிநாட்டவரும் ஒரே அறையில் இருப்பார்கள். எல்லாருக்கும் இந்தியோ ஆங்கிலமோ சரளமாக வரும் என்று நினைப்பது தவறு. மைதானத்தில் கத்த வேண்டிய சொற்களை அணி முழுமைக்கும் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு என்று முடிவு செய்து, எந்த மொழியாக இருந்தாலும் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும் என்று முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

அடுத்தது விளிப்பு. 29 வயதுப் பயிற்சியாளரின் அணியில் 34 வயதுத் தலைவர் இருப்பார். அவரை 'அண்ணே' என்றும், 19 வயதுப் பையனை 'டேய்' என்றும் கூப்பிடுவது நம் பேச்சில் இயல்பாக வந்துவிடும். ஊர் அணிக்கு அது பொருந்தும். சம்பளத்துக்கு ஆடும் அணியிலோ, அண்ணனை வெளியே உட்காரச் சொல்வதும் கடினம், 'டேய்' என்றழைக்கப்பட்டவன் தன் கருத்தைச் சொல்வதும் கடினம். எல்லாரையும் பெயரோடு 'நீங்க' என்று அழைப்பது தொடக்கத்தில் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றினாலும், இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

அணியில் இடம் இழந்தவரிடம் பட்டியல் சுவரில் ஒட்டப்படுவதற்கு முன்பே, நேரில், தனியாக, ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். 'ஏன் சார் என்னை வெளியே எடுத்தீங்க?' என்று கேட்டால், 'இந்த எதிரணிக்கு வேகமான ஆள் தேவைப்படுகிறது. கடைசி மூன்று ஆட்டங்களில் பின்னோக்கி ஓடுவதில் நீங்கள் தாமதித்தீர்கள். இதோ காணொளி' என்று காட்டக் கூடிய காரணம் கையில் இருக்க வேண்டும். 'அடுத்த ஆட்டம் பார்க்கலாம்' என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்திலும் இறக்காவிட்டால், அந்த ஒருவரை மட்டுமல்ல, அவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் இருவரையும் சேர்த்தே இழப்பீர்கள்.

உரிமம், ஒப்பந்தம், வெளியே கற்பது

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமத்தில் தொடங்கி ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ வரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு படிக்கும் இடையில் அனுபவமும் கேட்பார்கள். வேலை வந்தபின் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. பிரான்சில் 2022-இல் ராம்ஸ் அணியை ஏற்ற வில் ஸ்டில்லுக்கு ப்ரோ உரிமம் இல்லாததால், அவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் பொறுப்பில் இருந்ததற்காக அணி 25,000 யூரோ அபராதம் கட்டியது. அவர் பொறுப்பில் அணி நீண்ட நாள் தோற்காமல் ஆடியதால் கட்டினார்கள். நமக்கு அப்படிக் கட்டும் நிர்வாகம் அமையாது.

ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு, வீரர்களைத் தேர்வு செய்வதில் உங்கள் பங்கு என்ன, பருவ முடிவில் எந்த இடம் எதிர்பார்க்கப்படுகிறது என்பவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கோவையை இருப்பிடமாகக் கொண்டு 2018-19-இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கை வென்ற சென்னை சிட்டி அணி, சில ஆண்டுகளிலேயே அந்த லீக்கில் இல்லாமல் போயிற்று. நாகெல்ஸ்மனைக்கூட, பிறகு அவர் பயிற்சியளித்த ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணி 2023 மார்ச்சில், பருவத்தின் நடுவே அனுப்பிவிட்டது.

இங்கிருக்கும் வரை, பெங்களூரின் அருகாமையை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் உண்டு, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வழக்கம்போல் பேருந்துதான். கண்டீரவா விளையாட்டரங்கில் ஆட்டம் பார்க்கப் போனால், முதல் 20 நிமிடம் பந்தைப் பார்க்காமல் ஓர் அணியின் நான்கு பின்கள வீரர்களை மட்டும் பாருங்கள்: பந்து ஒரு பக்கம் போகும்போது மறுபக்கத்துக்காரர் எவ்வளவு உள்ளே வருகிறார், யார் குரல் கொடுக்கிறார் என்று. தொலைக்காட்சி இதைக் காட்டாது. நகர லீக் அணிகளின் பயிற்சியாளர்களிடம் ஒரு நாள் பயிற்சியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், சிலர் தேநீரும் வாங்கித் தந்து எல்லாவற்றையும் சொல்வார்கள்.

பருவம் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, முடிந்தால் உங்களோடு ஒத்துப்போகாத உதவிப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, படியுங்கள். தவறிய கணிப்புகளை, எதிரணியைத் தவறாக எடைபோட்டவை, சொன்னதை வீரர்கள் செய்ய முடியாமற்போனவை, மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் தாமதித்தவை என்று மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை அதிகமென்றால் எதிரணி ஆட்டங்களைக் கூடுதலாகப் பார்க்க ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இரண்டாம் வகை அதிகமென்றால் பருவத்துக்கு முந்தைய பயிற்சித் திட்டத்தை மாற்றி எழுதுங்கள். மூன்றாம் வகை அதிகமென்றால், அடுத்த பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களுக்கு, எந்த நிமிடத்தில் எது நடந்தால் யார் இறங்குவார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே உதவிப் பயிற்சியாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நிமிடம் வந்ததும் நினைவூட்டும்படி அவரிடம் சொல்லி வையுங்கள்.